நாலந்தாவில் குவிந்த புள்ளிகள்

த்ரீவீல் ஓட்டுகிறவன் "எங்கே போகணும்" என்று மட்டும்தான் கேட்க வேண்டும், "எதுக்கு" என்று கேட்கக் கூடாது. நான் கேட்டுத் தொலைத்தேன். கணக்கெடுப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கி நாய்க்குப் பயந்து ஓடியவர்களுக்கு என் பாடு புரியும்.

ஸ்டாண்டில்

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் வரிசைக்கு பர்வீன் மிஸ் வந்தார். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். வங்கியே இல்லாமல் ஓடுகிற கிரிப்டோ காசு ஒன்று இருக்கிறதாம். அதன் பேரேட்டை உலகம் பூராவும் யார் யாரோ தங்கள் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறார்களாம். அப்படி எத்தனை மெஷின், எந்த ஊரில் எத்தனை என்று கண்டுபிடிப்பதுதான் மிஸ்ஸின் வேலை. ஒரு மெஷினிடம் "உனக்கு யாரைத் தெரியும்" என்று கேட்டால் ஒரு பட்டியல் கொடுக்கும். அதில் உள்ளவர்களிடம் திரும்பவும் கேட்க வேண்டும்.

மெஷினுக்கு ஒரு புள்ளியாக வரைபடம் தயார். ஆனால் அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்க்கிற பெரிய சேர், "புள்ளி இருக்கிற இடத்தில் ஒரு மெஷினையாவது கண்ணால் பார்த்து வா, இல்லாவிட்டால் இரண்டு வருஷ வேலையை ஏற்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாராம். பக்கத்து வண்டி சிரிபால சிங்களவன்தான், ஆனால் எங்களைவிட நல்லாத் தமிழ் பேசுவான். அவன் சொன்னான்: "எங்க ஸ்டாண்டும் அப்பிடித்தான் மிஸ். ஒருத்தன்கிட்ட கேளுங்க, இருபது பேரச் சொல்லுவான். அதுல பாதிப் பேரு வண்டிய வித்துட்டுப் போயாச்சு."

எல்கடுவ

முதல் புள்ளி எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில். வண்டி முக்கி முக்கி ஏறியது. எனக்கு மான் வேட்டைக்குப் போகிற மாதிரி ஒரு துள்ளல். மிஸ் கையில் ஃபைல், நான் முன்னால். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்று, "உங்க வீட்டுல காசுக் கணக்கு வைக்கிற கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டேன்.

அதுதான் தப்பு. ஃபைலோடு ஒருத்தர் லயத்துக்கு வந்தால் நிவாரணப் பட்டியல் எழுத வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். கொழுந்துப் பையை இறக்கக்கூட இல்லாமல் சனம் கூடிவிட்டது. கேட்ட வீடெல்லாம் "இருக்கு" என்றது. காட்டச் சொன்னால் ஒன்றுமில்லை. கடைசியாக ஒரு அம்மா மிஸ்ஸின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்: "எங்க வீட்டுல ரெண்டுன்னு எழுதுங்க மிஸ். மகன் கல்யாணம் முடிச்சு தனிக் குடும்பம்."

நாலந்தா

ஆனாலும் மிஸ் தளரவில்லை. நாலந்தாவில் ஒன்றல்ல, பதினான்கு புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. "பெரிய கூடமே இருக்கும் அண்ணே" என்றார். ஏ ஒன்பது ரோட்டில் என் வண்டி அப்படி ஓடியதே இல்லை. இறங்கி, போனைப் பார்த்துப் பார்த்து நடந்தோம். இன்னும் நூறு அடி. ஐம்பது. பத்து.

ஒரு பலாமரம். அதில் மிளகுக் கொடி. கரண்டுக் கம்பிகூட அந்தப் பக்கம் போகவில்லை.

காணிக்காரர் காதர் நானா வந்து, "நீங்களும் எதையோ தேடியா? போன மாசம் ஒருத்தர் களவு போன போனத் தேடி வந்தாரு" என்றார். மிஸ் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் மிஸ்ஸுக்கு மெதுவாக விளங்கியது. மெஷின் இலங்கையில் இருக்கிறது, ஊர் மட்டும் தெரியவில்லை என்றால், இணைய முகவரியை வைத்து இடம் சொல்லும் பட்டியல் அதை நாட்டின் நடுவில் போட்டுவிடுமாம். நாட்டின் நடு நாலந்தாப் பக்கம் என்று எனக்குத் தெரியும். மிஸ் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காதர் நானா மரத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்: "வாப்பா வாங்கக்குள்ள இதுதான் நாட்டுக்கே நடுன்னு ஒருத்தரும் சொல்லல்ல மகள். சொல்லியிருந்தா கொஞ்சம் தள்ளி வாங்கியிருப்பாரு."

இரத்தோட்டை

மறுநாள் இரத்தோட்டைப் புள்ளியும் பொய். மிஸ் ஃபைலை மூடிவிட்டார். கராம்புக் கடை செல்வம் எனக்குப் பழக்கம். அங்கே பால் போடாத பிளேன்டி குடிக்க நிறுத்தினேன். மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் ஏதோ உறுமியது. காற்றாடிச் சத்தம், ஆனால் காற்று வரவில்லை. "என்னப்பா அது?" என்றேன்.

செல்வம் பதிலை இழுத்தான். மிஸ் எதைத் தேடுகிறார் என்று சொன்னதும் மூட்டையை நகர்த்தினான். கம்ப்யூட்டர்! அதே பேரேடு, நாலு வருஷமாக ஓடுகிறதாம். மிஸ் அந்த மெஷினின் முகவரியைத் தன் வரைபடத்தில் அவசரமாகத் தேடினார். இரத்தோட்டையில் அது இல்லை. ஜெர்மனியில் இருந்தது. களவுக்குப் பயந்து, இணைப்பை வெளிநாட்டு வழியாகச் சுற்றிப் போக விட்டிருக்கிறான்.

"பேர் போட மாட்டேன்" என்று மிஸ் சத்தியம் செய்தார். நாலந்தாவின் அந்தப் பதினான்கையும் அழித்து, "இடம் தெரியாது" என்று தனியாக எழுதினார். படத்தின் ஊர்களை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு பக்கம் சேர்த்தார். பெரிய சேர் ஏற்றுக்கொண்டாராம். அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படித்தாராம். அன்றைக்குக் கடை வாசலில் செல்வம் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "வீட்டுக்காரிகிட்ட மூட்டைக்கு ஈரம் போக்குற மெஷின்னு சொல்லி வச்சிருக்கேன் மிஸ். என்னைய ஜெர்மனியிலயே இருக்க விடுங்க."

ஆக, உலகம் பூராவும் எண்ணக் கிளம்பிய நாங்கள் மாத்தளை மாவட்டத்தில் கண்ணால் கண்டது ஒன்றே ஒன்று, அதுவும் ஜெர்மனிக் கணக்கில் போய்விட்டது.