யாரும் சேர்ந்து சாப்பிடாத நாவல்

ஜியான் மெய்ச்சூவின் நாவல் வாடகைப் புத்தகக் கடைக்கு வந்தது தொண்ணூற்றேழாம் வருஷம், ஒரு வியாழக்கிழமை. தைவானின் கீலுங்கில் அன்றும் மழைதான். வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் ஷட்டரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு இறக்கிவிட்டு, ஈரக்குடையோடு கடைக்குள் நுழைந்தாள். காதல் கதைகள் அடுக்கியிருந்த சுவரில், மேலிருந்து மூன்றாவது வரிசையில் அது நின்றது. சட்டைப் பைக்குள் அடங்குகிற புத்தகம். அட்டையில் ஒரு பெண்ணும் மூன்று நாய்களும். ஆசிரியர் பெயர் லான் யுன். அந்த லான் யுன் மெய்ச்சூதான் என்பது தைப்பேயில் இருந்த பதிப்பாசிரியரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

சொல்ல ஆள் இல்லை என்பதுதான் உண்மை. வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவை ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு சாயங்காலங்கள் நீண்டுகொண்டே போயின. அவற்றைக் கழிக்கத்தான் எழுத உட்கார்ந்தாள். நாயைக் கண்டால் நடுங்கும் ஒரு கால்நடை மருத்துவன், மூன்று நாய் வளர்க்கும் ஒரு சிகையலங்காரக்காரி. எழுதும்போது சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தாள். காலி வீட்டில் அந்தச் சத்தம் வேறு யாருடையதோபோலக் கேட்க, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கடையில் புத்தகம் எடுப்பவர்கள் கடைசி வெற்றுத்தாளில் இரண்டு வரி கிறுக்கிவிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். கடைக்காரி காவ் அதைக் கண்டுகொள்வதில்லை. திட்டு வாங்கின புத்தகம்தான் வேகமாகப் போகிறது என்பாள். மெய்ச்சூ பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் தன் புத்தகத்தைத் தானே வாடகைக்கு எடுத்துப் போனாள்.

'பஸ்ஸில் படித்துச் சிரித்து, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.'

'நாயகிக்கு மூளையே இல்லை.' அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'உனக்கு இருக்கா?'

'ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை. இது என்ன காதல்?'

ஒவ்வொன்றையும் நாலைந்து முறை படித்தாள். யாரோ முகம் தெரியாத ஒருத்தி தன்னால் நிறுத்தத்தைத் தவறவிட்டு, மழையில் திரும்பி நடந்திருக்கிறாள். அதை நினைத்தபடியே அன்று தூங்கிப்போனாள்.

மறுநாள் அவள் புத்தகத்தைத் திருப்பித் தந்ததும் கடையில் ஒரே அமளி. மீன் உருண்டை விற்கும் ஆகுவான் அந்தப் புத்தகத்தால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, நாயைக் கண்டா நடுங்குறவன் எதுக்கு மாட்டு டாக்டரானான்?”

“அதுதானேக்கா காமெடி!” என்றாள் இளம் நர்ஸ் யாலிங். “எனக்கு சூப் மூக்கு வழியா வந்துடுச்சு.”

“உனக்கு மூக்கு ஒழுகுறதுக்கு நாவல் வேற வேணுமா?”

காவ் சிரித்துக்கொண்டே திரும்பினாள். “மெய்ச்சூ, நீயும்தானே எடுத்துட்டுப் போன. நீ சொல்லு.”

மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். காது மடல் சூடேறியது.

“பரவாயில்ல. நடுவுல கொஞ்சம் இழுக்குது,” என்றாள்.

“பாத்தியா!” என்று தொடையைத் தட்டினாள் ஆகுவான்.

பெற்ற பிள்ளையை நடுத்தெருவில் பார்த்து, யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தவள்போல மெய்ச்சூ திரும்பி நடந்தாள். முக்குத் திரும்பும்வரை குடையை விரிக்கத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்தாள். தாள் நிரம்பியிருந்தது. ஓரத்தில் பச்சை மையில் சின்ன எழுத்தாக இப்படி இருந்தது:

'சிரிப்பு வந்தது. ஆனால் இருநூறு பக்கத்தில் ஓரிடத்தில்கூட இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடவில்லை. எழுதினவள் தனியாகச் சாப்பிடுகிறவள் போலிருக்கிறது.'

அப்படியெல்லாம் இருக்காது என்று முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். அப்படித்தான் இருந்தது. இருவரும் சண்டை போட்டார்கள், சாக்கடையில் விழுந்தார்கள், தொலைந்த நாயைத் தேடி ஊரெல்லாம் அலைந்தார்கள். பசித்தால் அவன் ஸ்கூட்டரில் உட்கார்ந்து கொழுக்கட்டை தின்றான். அவள் கடையின் பின்கட்டில் நின்றுகொண்டே தின்றாள். மெய்ச்சூவும் அப்படித்தான். அம்மா போனதிலிருந்து வீட்டில் அடுப்படியிலேயே நின்று, சட்டியிலிருந்தே சாப்பிட்டு வந்தாள். கோபம் வரவில்லை. சமையலறை ஜன்னலை யாரோ திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதுபோல உடம்பு கூசியது.

புத்தகத்தைத் திருப்பித் தரும்போதுதான் பார்த்தாள். காவ் இரவல் அட்டையில் தேதி போட்டாள், பச்சை மையில். பக்கத்தில் பாதி சாப்பிட்ட டிபன் பெட்டி.

“அக்கா, இது நீங்க எழுதினதா?”

“ஆமா. கடைக்காரி எழுதக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? சேந்து சாப்பிடுறவ எழுதியிருந்தா, ஒருத்தர் தட்டுலேருந்து ஒருத்தர் எடுக்கிற சண்டை ஒண்ணாவது வந்திருக்கும். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷமாச்சு. இல்லாதது எனக்குச் சட்டுனு கண்ணுல படும்.”

நான்தான் அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் யாரோ புத்தகம் கேட்டு உள்ளே வந்தார்கள். வந்தவர் போன பிறகு அந்தச் சொல் வரவில்லை. மருத்துவமனையின் மருந்து அறையில் வைத்துச் சாப்பிடவிருந்த தன் டிபன் பெட்டியை மேசைமேல் வைத்தாள்.

“இங்க சாப்பிடட்டுமா அக்கா?”

“உக்காரு. ஸ்டூல்ல ஒரு கால் ஆடும், பாத்து.”

காவ் கேட்காமலேயே தன் சாப்பாட்டுக் குச்சியால் அவள் பெட்டியிலிருந்து பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “உப்பு கம்மி,” என்றாள். மெய்ச்சூ தலையைக் குனிந்துகொண்டு சோற்றையே பார்த்தாள்.

அதன் பிறகு வேலை நாட்களில் மத்தியானச் சாப்பாடு அங்கேதான். இரண்டாவது நாவலில் இருவர் சேர்ந்து சாப்பிடும் இடம் மட்டும் பதினொரு பக்கம் வந்தது. பதிப்பாசிரியர் போனில் கூப்பிட்டார்.

“மேடம், பதினொரு பக்கத்துல ஒரு முத்தம்கூட இல்லையே. ஒரு பக்கமாக் குறைச்சுடலாமா?”

“முடியாது சார்,” என்றாள். வேலையிடத்திலோ வீட்டிலோ அவள் அப்படிச் சொன்னதே கிடையாது. பேரம் பேசி நாலு பக்கத்தில் வந்து நின்றது.

புத்தகம் வசந்தத்தில் வந்தது. யாலிங்குக்குப் பிடித்தது. “காதல் கதையா, சமையல் குறிப்பா?” என்று ஆகுவான் இரைந்தாள். காவ் படித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. மெய்ச்சூவும் கேட்கவில்லை. எழுதியது யாரென்று காவுக்குத் தெரியுமா தெரியாதா என்பது கடைசிவரை அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் காவ் மகள் வீட்டுக்குப் போய்விடுவாள். அன்றைக்கு மட்டும் மெய்ச்சூ பழையபடி அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.