கேற்றடியில் நின்ற மிட்வைஃப்

"எங்கட ஊடு அவ்வளவு ஊத்தயா மிஸ்? உள்ளுக்கு வாறீங்களே இல்ல?"

சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக் கேற்றடியில் வைத்து சபியா மாமி இப்படிக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அந்தப் பகுதியின் மிட்வைஃப். அவருடைய மருமகள் பரீனாவின் பிள்ளைக்குக் கிளினிக்கில் நிறை ஏறவில்லை. அதை விசாரிக்கத்தான் போயிருந்தேன். ஆனால் வழக்கம்போல ஸ்கூட்டியில் இருந்தபடியே, "புள்ள பால் குடிக்கிறாரா?" என்று கேட்டேன். "ஓம் மிஸ்" என்றாள் பரீனா. ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு புறப்படப் பார்த்தேன். அப்போதுதான் மாமி மறித்தார்.

உண்மைக் காரணம் என் கால்கள். இரண்டு பாதங்களிலும் மூட்டுவாதம். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் சரளைக்கல்லில் மிதிப்பது போலிருக்கும். "வெறுங்காலோட மாபிள் தரையில நடக்க வேணாம். வீட்டுக்குள்ளயும் செருப்பு போடுங்க" என்று டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வேலையோ வீடு வீடாக ஏறி இறங்குவது. ஒவ்வொரு வாசலிலும் குனிந்து சப்பாத்து லேஸை அவிழ்த்து, குளிர்ந்த தரையில் நடந்து, திரும்பவும் குனிந்து கட்ட வேண்டும். தொழுகிற வீட்டுக்குள் சப்பாத்தோடு போக முடியுமா? வெளியே சொன்னால் ஃபீல்டிலிருந்து எடுத்து ஒஃபிஸில் இருத்திவிடுவார்கள் என்ற பயம் வேறு. அதனால் கேற்றடியிலேயே வேலையை முடிக்கப் பழகிவிட்டேன்.

மாமியின் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஸ்கூட்டியை விட்டு இறங்கி, படியில் குந்திச் சப்பாத்தைக் கழற்றிக் காட்டினேன். விரல் மூட்டுகள் சிவந்து வீங்கியிருந்தன.

"யா அல்லாஹ்! இந்தக் காலோடயா புள்ள ஊரெல்லாம் சுத்துறாய்? ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

உள்ளே ஓடித் தன் செருப்பைக் கொண்டுவந்தார். அதன் வார் விரலிடுக்கில் பட்டதுமே நான் பல்லைக் கடித்தேன். மாமி அதை எறிந்துவிட்டு இன்னொரு சோடி கொண்டுவந்தார். கட்டாரில் இருக்கும் மகன் வீட்டுக்குள் போடுகிற அகலமான ரப்பர் செருப்பு. அவன் போன பிறகும் மாமி அதைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். "போடு புள்ள, அவன்ட புள்ளயப் பாக்கத்தானே போறாய்" என்றார்.

டப் டப் என்று பரீனாவோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பரீனா அழத் தொடங்கினாள்.

"ஒரு பக்கம் காம்பு வெடிச்சிரிக்கி மிஸ். பால் குடுக்கக்குள்ள உசிரு போகுது. விறாந்தையில மாமா இரிக்கக்குள்ள கேற்றடியில எப்பிடிச் சொல்ற?"

பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்விக் குடித்திருக்கிறது. நோவில் அவள் பாதியிலேயே எடுத்துவிடுகிறாள். பக்கத்தில் இருந்து, பிள்ளையின் வாய் அகலத் திறந்ததும் நெஞ்சோடு அணைக்கப் பழக்கினேன். பிள்ளை மிடறு மிடறாகக் குடிக்கும் சத்தம் கேட்டதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த கிளினிக்கில் நிறை ஏறியிருந்தது.

பரீனா வீட்டுக்குப் போன அந்த வாரமே கல்முனையில் சப்பாத்துக் கடைக்குப் போனேன். பின்னேரத்தில் போனேன், கால் வீங்கியிருக்கும் நேரத்து அளவுதான் சரியான அளவு. விரல்கள் நெருக்காத அகலமான முன்பக்கம், தடித்த அடி, லேஸ் இல்லாமல் ஒட்டுகிற பட்டி. இவை எல்லாம் இருந்த சோடியைக் காட்டி, "இது ஆம்பிளையள்ட மிஸ்" என்றான் கடைக்காரன்.

"என்ட காலுக்கு அது தெரியாது தம்பி, கட்டித் தாங்க" என்றேன்.

வீடுகளுக்குள் போட மெத்தென்ற செருப்பு ஒன்றும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். மேலதிகாரியிடமும் சொன்னேன். அவர் என்னை ஒஃபிஸில் இருத்தவில்லை. தூரத்து வீடுகளை வேறு நாளுக்கு மாற்றித் தந்தார்.

புதிதாக ஃபீல்டுக்கு வரும் பிள்ளைகளே, நல்ல சப்பாத்து வாங்குங்கள். கால் நோவென்றால் அதை வாய் திறந்து சொல்லுங்கள். தன் நோவை மறைத்துக்கொண்டு கேற்றடியில் நிற்கிறவளிடம் எந்தத் தாயும் தன் நோவைச் சொல்லமாட்டாள்.