சாய்ந்த கோபுரம்

எழுபதுகளில் சிறுவாச்சூர் காளி கோயில் வாசலில், நடை திறக்கும் திங்களிலும் வெள்ளியிலும், ஒரு பயாஸ்கோப் பெட்டிக்காரர் நிற்பார். பெட்டிக்குள் ஐரோப்பாவே இருந்தது: பாரிஸ் இரும்புக் கோபுரம், லண்டன் மணிக்கூண்டு, இத்தாலியின் சாய்ந்த கோபுரம். ஒல்லியான மனிதர். ஒவ்வொருவர் கண் வைக்குமுன்னும் கண்ணாடியைத் துண்டால் துடைத்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, படம் பார்த்துக்கொண்டிருந்த, பக்கத்துக் குன்னம் ஊர் ஆள் ஒருவன் திடீரென்று எழுந்து அவர் மூஞ்சியில் குத்தினான்.

"எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்கா. சாமி பாக்க வந்தவனுக்குச் சாயிற கோபுரத்தயாடா காட்டுற?"

கீழே தள்ளி மிதித்தான். பல் தெறித்தது. படம் பார்க்க நின்றிருந்த நாங்கள் பிடித்து இழுத்தும் அடங்காமல் செருப்பைக் கழற்றி அடித்தான். கூட்டத்தில் பாதிப் பேர், "அபசகுனம்தானே" என்றார்கள்.

அடித்து ஓய்ந்து கோயிலுக்குள் போனவன், சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தான். கொல்லத்தான் வருகிறான் என்று நான் குறுக்கே போனேன்.

"அது எப்ப விழும்?" என்று கேட்டான்.

பெட்டிக்காரர் ரத்தத்தைத் துப்பினார். "எங்கப்பா காலத்துலேருந்து அப்படியேதாங்க நிக்குது. வேணும்னா பாருங்க."

அவன் குனிந்தான். அந்தப் பிடரியில் ஒன்று போட எனக்குக் கை துடித்தது.

"கொஞ்சம் இருங்க" என்று பெட்டிக்காரர் அவனை நிறுத்தி, துண்டில் ரத்தம் படாத முனையைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டார்.