மற்றக் காலுக்கு வெள்ளி

எங்கள் மகள் பிறந்ததும் என் மனைவியின் அண்ணன் டொரோண்டோவிலிருந்து ஒரு வெள்ளி நாணயம் அனுப்பினார். கனடா தன் ஆரம்பகாலத்தில் அச்சடித்த காகிதப் பணத்தின் நினைவாக வெளியிட்ட நாணயம் அது. அந்தப் பழைய நோட்டையே வெள்ளியில் பொறித்திருந்தார்கள். கசங்காத நோட்டு என்று நான் ரசித்துக்கொண்டிருந்தேன். மனைவி கண்ணாடி மூடியைக் கழற்றி, நாணயத்தைக் கையில் வைத்து நிறை பார்த்தாள்.

"கால் அளவு தெரியாதெல்லோ, அதுதான் அண்ணா உருக்கிக் கொலுசு செய்யச் சொல்லி அனுப்பியிருக்கிறார்."

முப்பத்தோராம் நாள் சடங்குக்குத் தாய்மாமன் கொலுசு போடுவது எங்கள் குடும்ப வழக்கம். அவள் பக்கத்து ஆட்கள் பிரான்சில் ஒருவரும் இல்லை. என் பக்கமோ பாரிஸ் புறநகர்களான பொபினியிலிருந்தும் ஸ்தேனிலிருந்தும் படையெடுத்து வரும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் தன் அண்ணன் கொடுத்தது பிள்ளையின் காலில் கிடக்க வேண்டும் என்பது அவளுக்கு மானப் பிரச்சினை. எனக்கும் நியாயமாகவே பட்டது.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், நகைக்கடைக்காரர் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வடிவான சாமான். உருக்கத்தான் வேணுமோ?"

"ஓம் அண்ணை," என்றேன் நான்.

"ஒரு காலுக்குத்தான் காணும். நான் கொஞ்ச வெள்ளி சேர்த்துச் சோடியாச் செய்து தரட்டே?"

"வேண்டாம். அண்ணான்ரை வெள்ளியோடை வேறை வெள்ளி கலக்கக்கூடாது," என்றாள் மனைவி. அவளோடு வாதாடி வென்றவர்கள் குறைவு.

சடங்கன்று மகள் ஒரு காலில் மட்டும் கிலுங்கினாள். மற்றது கழன்று விழுந்துவிட்டதென்று என் அக்கா தொட்டிலுக்குள் தேடிக்கொண்டிருந்தபோது டொரோண்டோ மச்சான் வீடியோவில் வந்தார்.

"காசை எங்கை வச்சிருக்கிறியள்? கவனம், இனி அடிக்கமாட்டாங்கள். என்னட்டையும் ஒண்டுதான் இருக்கு."

மனைவியின் முகம் செத்துப்போனது. தொலைபேசியைப் பிள்ளையின் காலுக்கு நேரே பிடித்தாள்.

"கொலுசுக்கெண்டு அனுப்பினதெண்டு நினைச்சிட்டன் அண்ணா."

அவர் நாணயம் சேர்ப்பதில் பைத்தியம். திரைக்கு அருகே குனிந்து கொலுசை உற்றுப் பார்த்தார். பிறகு, "மற்றக் காலுக்கு?" என்றார்.

"உங்கடை வெள்ளி காணேல்லை."

"கடையிலை வாங்கிச் சேர்த்திருக்கலாமே?"

"மாட்டன்."

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது. அண்ணா கோபம் என்று இவள் நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த கிழமை டொரோண்டோவிலிருந்து ஒரு உறை வந்தது. பெட்டி இல்லை, கண்ணாடி மூடி இல்லை. அவரிடமிருந்த நாணயம், ஒரு துண்டுக் கடதாசியில் சுற்றி, உருக்குவதற்குத் தயாராக வந்திருந்தது. இவள் அழுதுகொண்டே நகைக்கடைக்குப் போகச் சப்பாத்தைப் போட்டாள்.