நாகேந்திரம் கட்டிய கோயில்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிள்ளைக்கு நடன அரங்கேற்றம் என்றால், மண்டபத்துக்கு நாள் குறிக்க முதலே நாகேந்திரத்துக்கு ஃபோன் போய்விடும். காணிக் கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். கந்தோரில் அவர் குரலை ஒருவரும் கேட்டதில்லை. மேடையில் மைக்கைப் பிடித்தாரென்றால், பின்வரிசையில் கச்சான் கொறிக்கிறவரும் நிமிர்ந்து உட்காருவார். ஒவ்வொரு உருப்படிக்கு முன்னாலும் வந்து நின்று, எந்தத் தலத்து இறைவன், எந்தப் புராணத்துக் கதை என்று சொல்ல வேண்டும். அதுதான் இங்கே வழக்கம். அவரும் சொல்வார், கொஞ்சம் கூட்டியும் சொல்வார். மனுஷனுக்கு அது ஒரு வியாதி. எந்த ராசாவும் எட்டிப் பார்க்காத கோயிலுக்கும் ஒரு சோழ ராசாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"உங்கட வாய்க்கு ஒரு கதவு போட்டாத்தான் சரி," என்பாள் மனைவி அனுஷியா. தவளை தன் வாயால் கெடும் என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

போன மாசியில் மிதுனாவின் அரங்கேற்றம். பதினேழு வயதுப் பிள்ளை. தில்லானாவுக்கு முன்னால் ஓர் உருப்படியைத் தானே யோசித்து அமைத்திருந்தாள். ஆசிரியை சுரேகாவும் ஆசைப்பட்ட பிள்ளை ஆடட்டும் என்று விட்டுவிட்டார். அதற்கு மிதுனா எழுதி அனுப்பிய குறிப்பு இது: 'நிலாநாச்சி. இது என் கற்பனைத் தெய்வம். நண்பர்களோடு விளையாடும் ஒரு கதை விளையாட்டுக்காக உருவாக்கினேன். அவள் நிலா வெளிச்சத்தில் ஆடுவாள். வழி தவறிய ஆன்மாக்கள் அவளுடைய சலங்கைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வீடு சேரும். நீ உயிரோடு இருக்கிறாயா இல்லையா என்று அவள் ஒருவரிடமும் கேட்பதில்லை.'

நாகேந்திரத்துக்கு உடம்பு கூசியது. விளையாட்டுச் சாமியா? முன்வரிசையில் பேராசிரியர் ஒருவர் பொன்னாடையோடு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இதை எப்படி வாசிப்பது? கற்பனை, விளையாட்டு என்ற வரிகளை வெட்டினார். அந்த இடத்தில் தன் சரக்கைப் போட்டார்; மிச்சத்தை அப்படியே விட்டார். "முல்லைத்தீவிலே, கடல் உள்வாங்கிய களப்புக் கரையிலே, ஓர் இத்திமரத்தடியிலே, நூற்றாண்டுகளாக வன்னி மக்கள் வழிபட்டு வருகின்ற நிலாநாச்சி அம்மன்" என்று கணீரென்று தொடங்கியதும் மண்டபம் கைதட்டியது. யாழ்ப்பாணத்தில் நாச்சிமார் கோயில் இருக்கும்போது வன்னியில் ஒரு நிலாநாச்சி இருக்கக் கூடாதா? ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பேராசிரியர்கூடத் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து மாலையும் கழுத்துமாக நின்ற மிதுனா அவரிடம் வந்தாள்.

"அங்கிள், அது நான் யோசிச்சதெல்லோ. ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"மேடைக்கு ஒரு கனதி வேணும், பிள்ளை. உமக்கு இப்ப விளங்காது."

பிள்ளை திரும்பிப் போனாள். அவர் ரோல்ஸ் சாப்பிடப் போனார்.

பத்து நாள் கழித்து, காலைச் சாப்பாட்டு நேரத்தில் ஜெகதீஸ்வரி வந்தார். கொட்டாஞ்சேனையில் நடன உடுப்புத் தைக்கிறவர். மிதுனாவின் உடுப்பும் அவர் தைத்ததுதான். அவசரத்துக்கென்று ஊசி நூலோடு அன்று மேடைக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"அண்ணை, அந்த நிலாநாச்சி கோயிலுக்கு எப்பிடிப் போறது?"

நாகேந்திரம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அந்த அம்மா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சொன்னார். மகன் பிரசாந், அப்போது பத்தொன்பது வயது. பதினேழு வருஷத்துக்கு முன், சந்திக்கு ஃபோன் கார்ட் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. போகாத முகாமில்லை, எழுதாத கடிதமில்லை.

"அர்ச்சனைக்குப் போனா ஐயர் பேர் நட்சத்திரம் கேக்கிறார். சொல்லேக்கை வாய் நடுங்குது. திவசத்தைச் செய் எண்டு சனம் சொல்லுது. பெத்த நான் அதை எப்பிடிச் செய்யிறது? இருக்கிறானோ இல்லையோ எண்டு கேளாத ஒரு தெய்வம் இருக்கெண்டு நீங்கள் சொன்னனீங்கள். இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாமப் போச்சே, அண்ணை."

அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். தங்கச்சி, அது நான் அவிழ்த்து விட்ட கதை என்று ஒரு வசனம் போதும். ஆனால் இருபது வருஷ மேடைப் பேரை விட மனம் வரவில்லை.

"முல்லைத்தீவு டவுனில இறங்கி விசாரிச்சாச் சொல்லுவினம்," என்றார்.

போக மாட்டார் என்று நினைத்தார். இந்த வயதில், தனியாக, அவ்வளவு தூரம் யார் போகப் போகிறார்கள்? குசினியில் நின்ற அனுஷியாவுக்கு எல்லாம் கேட்டது. மத்தியானம் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

ஜெகதீஸ்வரி போனார். மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் வாசலில் வந்து நின்றபோது, வலது காலில் கட்டுப் போட்டிருந்தது.

"முள்ளுக் குத்திப் போட்டுது, பறவாயில்லை. ரெண்டு நாள் நிண்டு தேடினனான், அண்ணை. கடைக்காரர், மீன் விக்கிற ஆக்கள், பள்ளிக்கூடத்து மாஸ்டர், எல்லாரையும் கேட்டன். ஒருத்தருக்கும் தெரியேல்லை. இத்திமரம் கண்ட இடமெல்லாம் போய்ப் பாத்தன்." பிறகு மெல்லக் கேட்டார். "சண்டைக்குள்ள அழிஞ்சு போச்சுதோ?"

அடடா, தப்பிக்க எவ்வளவு நல்ல வழி. அழிந்தவை எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்; பேரும் மிஞ்சும், அந்த அம்மாவுக்கும் ஒரு ஆறுதல். நாகேந்திரம் வாயைத் திறந்தும் விட்டார்.

அதற்குள் ஜெகதீஸ்வரி பையிலிருந்து மடித்த நீலச் சேட் ஒன்றை எடுத்து மடியில் வைத்தார்.

"கோயில் இருந்த இடத்தையாவது சரியாச் சொல்லுங்கோ. திரும்பப் போறன். இது அவன்ரை சேட். அம்மன்ரை காலடியில வைக்கக் கொண்டு போனனான்."

திரும்பப் போகிறாராம். அந்தக் காலோடு. தன்னைப் போல ஒரு கேவலமான பிறவி இந்த ஒழுங்கையிலேயே இல்லை என்று நாகேந்திரத்துக்குத் தோன்றியது. அந்த முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, அங்க கோயில் இல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை. நான் பொய் சொன்னனான். அது அந்த மிதுனாப் பிள்ளை நினைச்ச தெய்வம். கற்பனை எண்டுதான் எழுதித் தந்தவ. அதைச் சபையில சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

திட்டினாலும் தாங்கியிருப்பார். செருப்பைக் கழற்றியிருந்தால்கூடத் தலையைக் குனிந்திருப்பார். ஜெகதீஸ்வரி சேட்டின் கொலரை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

"கோயிலைக் காணேல்லை எண்டாப் போல, களப்புக் கரையில நிண்டு சத்தமாக் கூப்பிட்டனான்," என்றார் பிறகு. "நாச்சியம்மா, என்ரை பிள்ளையைக் காட்டு எண்டு. வலை காயப் போட்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்தது. ஒரு பொடிச்சி சிரிச்சவள். அதை நினைச்சா இப்ப எனக்குத்தான் வெக்கமாக் கிடக்கு."

நாகேந்திரம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெட்கப்பட வேண்டியவன் இங்கே இருக்க, அந்த வெட்கத்தையும் அந்தத் தாய்தான் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

"அந்தப் பிள்ளை எழுதினதை எழுதினபடி சொல்லியிருந்தா, நான் எங்கயும் போயிருக்க மாட்டன். வீட்டிலயே ஒரு விளக்கைக் கொளுத்தி வைச்சுக் கும்பிட்டிருப்பன்," என்றார் ஜெகதீஸ்வரி. "ஒரு சின்னப் பிள்ளை துலைஞ்ச ஆக்களைப் பற்றி யோசிச்சிருக்கு. எனக்கு அது போதும்."

சேட்டைப் பையில் வைத்துவிட்டு மிதுனாவின் நம்பரைக் கேட்டார். நாகேந்திரம் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். "நானும் வாறன், பிள்ளைக்கு நானே எல்லாத்தையும் விளங்கப்படுத்திறன்," என்று எழும்பினார்.

ஜெகதீஸ்வரி கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னார்.

"வேண்டாம், அண்ணை. இனி அதை அந்தப் பிள்ளை சொல்லட்டும்."