ஆளுக்கொரு ஆமென்

காலை ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வரும். அதற்குள் பாயில் முழங்கால் போட்டு, நானும் என் வீட்டுக்காரரும் ஜெபம் பண்ணிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். முதலில் நான், பிறகு அவர், கடைசியில் ஆளுக்கொரு ஆமென்.

இருவருக்கும் முதலிபாளையத்தில் ஒரே பனியன் கம்பெனி. அவர் லைன் சூப்பர்வைசர், நான் அவர் லைனிலேயே டெய்லர். ஒருநாள் சைஸ் மாறிய கைத்துணிகளை வைத்து ஒரு கட்டு பனியன் முழுவதும் தைத்துவிட்டேன். "ஊட்லதான் புத்தியில்லைன்னா இங்கயுமா?" என்றார், லைன் மொத்தமும் கேட்க. தப்பு என்னுடையதுதான். அதற்கு வீட்டை எதற்கு இழுக்க வேண்டும்? அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

பேசாமல் குடித்தனம் நடக்குமா? மூன்றாம் நாள் ஜெபத்தில் சொன்னேன்: "ஆண்டவரே, கேஸு தீரப்போகுதுங்க. சிலிண்டர் புக் பண்ண வேண்டியவங்க மனசுல நீரே பேசும்." மறுநாள் அவர் ஜெபத்தில் பதில் வந்தது: "ஆண்டவரே, புக் பண்ணியாச்சுங்க. ஸ்தோத்திரம்."

மூன்று வாரம் இப்படியே ஓடியது. கரண்ட் பில், அவருடைய அக்கா வரப்போவது, குழம்பில் உப்புக் குறைந்தது, எல்லாம் பரலோகம் போய்த்தான் திரும்பி வந்தன. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குப் பயம்தான். இப்படியே பழகிப்போய், கடைசிவரை பேசாமலே இருந்துவிடுவோமோ என்ற பயம். ஆனாலும் நானாக இறங்கிப் போகவில்லை. அத்தனை வீம்பு.

ஒரு சனிக்கிழமை வேன் வந்து ஹார்ன் அடித்தது. அவர் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஆண்டவரே, நாலு பேரு முன்னால அவளைப் பேசுனது தப்புங்க. உங்ககிட்டச் சொல்லீட்டனுங்க. அவகிட்டச் சொல்லத்தான் வாய் வர மாட்டேங்குதுங்க."

ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறக்கக் கூடாது என்பார்கள். திறந்தேன். அவர் கண்ணும் திறந்துதான் இருந்தது.

"எங்கிட்டயே சொல்லுங்க," என்றேன்.

சொன்னார். அதற்குள் வேன் போய்விட்டது. பஸ் பிடித்துப் போனோம். லேட்டாக வந்ததற்கு மேனேஜர் இருவரையும் லைன் முன்னாலேயே திட்டினார். என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

ஜெபம் என்பது கேட்டு வாங்க மட்டுமல்ல, ஆண்டவரோடு பேசத்தான் என்று பாஸ்டர் சொல்லுவார். சரிதான். எங்களை ஒருவரோடொருவர் பேசவைத்ததும் அதுதான்.

என் வீட்டுக்காரர் கர்த்தரிடம் போய் இரண்டு வருடமாகிறது. இப்போது முழங்கால் மடங்குவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்துதான் ஜெபம். இன்று காலையிலும் சொன்னேன்: "ஆண்டவரே, கேஸு தீரப்போகுதுங்க. அவருகிட்டச் சொல்லீருங்க."

ஆமென் சொன்னேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அவருடைய ஆமெனையும் நானே சொன்னேன்.