சிலாம்பு இல்லாத கட்டை

அந்தக் கட்டை இப்போது வில்லரே பகுதியில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. ஒன்றரை அடி நீளம், பெருவிரல் பருமன். கதிரைக் கால்களுக்கு இடையே குறுக்காகப் பொருத்தும் உருட்டுக் கட்டை. தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்த என் சித்தப்பா, அங்கே கழித்துவிட்ட கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரே அளவாக அறுத்து, சாண்ட் பேப்பரால் மணிக்கணக்காகத் தேய்ப்பார். தேய்த்து முடித்ததும் தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பார். எங்காவது சொரசொரத்தால் மறுபடியும் தேய்ப்பார். "பிள்ளையளின்ர கையில சிலாம்பு ஏறக்கூடாது, கண்டியோ" என்பார். அது அடிப்பதற்காகச் செய்த கட்டை. அடிபடும் பிள்ளையின் தோலில் மரச்சிலாம்பு ஏறிவிடக்கூடாதே என்று கவலைப்பட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் நல்லவர் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை வெட்டினேன்.

நான் சிறுமியாக இருந்தபோது நாங்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தோம். மேல்மாடியில் எங்கள் குடும்பம், கீழே சித்தப்பா. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கராய்ப் பிறந்தவர்கள் நாங்கள். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்துக்கு வந்தபின் சித்தப்பா ஒரு பாஸ்டரின் சபையில் சேர்ந்தார், எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். பழைய தையல் தொழிற்சாலை ஒன்றின் இரண்டாம் மாடியில் சபை கூடியது. தரையிடுக்கில் உடைந்த ஊசிகள் கிடக்கும், முழங்காலிடும்போது குத்தும். வருடத்தின் முதல் ஞாயிறன்று சபையில் ஒரு வழக்கம் இருந்தது. சித்தப்பா செய்த கட்டைகளில் வீட்டுக்கொன்றாக எடுத்துக்கொண்டு எல்லோரும் வரிசையில் போவார்கள். பாஸ்டர் ஒலிவ எண்ணெய் பூசி ஜெபித்துக் கொடுப்பார். அதை வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிட வேண்டும். அடி வாங்கிய பிள்ளை கட்டையை உதட்டில் வைத்துக் கொஞ்சிவிட்டு "நன்றி அப்பா" என்று சொல்ல வேண்டும். யாருக்கும் இது புதுமையாகப் படவில்லை. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று ஏற்கெனவே சொல்லி வளர்ந்த சனம்தானே நாங்கள். பாஸ்டருக்கு எண்ணெய் பூசும் வேலை மட்டுமே மிச்சம் இருந்தது.

சித்தப்பா என்னை ஒருமுறைகூட அடித்ததில்லை. நான் அவருடைய அண்ணையின் பிள்ளை, அதில் அவர் கை வைக்கமாட்டார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன நேரங்களில் எனக்குச் சோறு போட்டவர் அவர். சம்பளம் வந்த நாளில் ஜோன்-தலோன் வீதியில் மீன் றோல்ஸ் வாங்கித் தருவார். தனக்கு வேண்டாம் என்பார், பிறகு என் கையிலிருப்பதில் ஒரு கடி கேட்பார். எனக்கு அவரை நிறையப் பிடிக்கும். நான் செய்த காரியத்துக்கு வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

ஊரில் போர்க்காலத்தில் அவரை ஆமி பிடித்துக்கொண்டு போயிருக்கிறது. திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு நகங்கள் இல்லை. அதைப் பற்றி அவர் பேசமாட்டார். அரசாங்கம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். பெற்றோர் பிள்ளையைத் திருத்தக் கைவைக்கலாம் என்று இந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அதை நீக்கப் பார்க்கிறார்கள், நீக்க விடமாட்டோம் என்று ஒரு வலதுசாரிக் கட்சி வாக்குக் கேட்டு வந்தது. அந்தப் பிரிவு சொன்னது வெறுங்கையை, கட்டையை அல்ல. அதை யார் விசாரித்தார்கள்? பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவே கட்சித் துண்டுப்பிரசுரம் வந்து உட்கார்ந்தது. "வாக்குச்சீட்டும் ஒரு ஜெபம்தான்" என்றார் பாஸ்டர். சித்தப்பாவின் கணக்கு இன்னும் எளிது. "அங்க ஆமி கதவை உதைச்சுக்கொண்டு வந்தவன். இங்க அரசாங்கக்காரர் பொஞ்சூர் எண்டு வணக்கம் சொல்லிக்கொண்டு வருவினம். வீட்டுக்குள்ள வரமாட்டன் எண்டு சொல்லுறவனுக்குத்தான் என்ர வோட்டு." அடிபட்டு ஓடிவந்த மனிதர் அடிப்பதற்கு இடம் தரும் ஓர் அரசாங்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பதின்மூன்று வயதில் எனக்கு இதெல்லாம் விளங்கவில்லை.

அந்த வருடம்தான் சித்தியும் சித்தப்பாவின் மகளான தங்கச்சியும் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார்கள். தங்கச்சிக்கு எட்டு வயது. பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து இரண்டு மாதத்தில், பிள்ளைகள் வேடம் போடும் ஹலோவீன் வந்தது. ஆசிரியை அவள் முகத்தில் பூனைமீசை வரைந்துவிட்டார். அதைக் கழுவாமல், யாரும் இதுவரை தன்னை இவ்வளவு அழகாக்கியதில்லை என்ற பெருமையோடு அவள் வீட்டுக்கு வந்தாள். சித்தப்பா அதைப் பிசாசின் குறி என்றார். நான் அந்த அறையில் நின்றேன். அவர் கோபப்படவில்லை. ஆணியிலிருந்து கட்டையை எடுத்தார், கண்ணை மூடி ஜெபித்தார், கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையில் நாலு அடி விழும்வரை அவள் அசையாமல் நின்றாள். ஐந்தாவதில் கையை இழுத்துக்கொண்டாள். அடி தவறிக் காற்றில் போனது. அதன்பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. தோள், முதுகு, தொடை என்று பார்க்காமல் விழுந்தது. சித்தி குசினிக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். தங்கச்சி குனிந்து திரும்பினாள். கட்டை அவள் இடது காதில் இறங்கியது. நனைந்த பலகையைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். கறுப்பு மீசைக்குமேல் காதிலிருந்து இரத்தம் மெல்லிய கோடாக இறங்கியது. சித்தப்பா நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. பிறகு கட்டையை அவள் வாயருகே நீட்டினார். அவள் கொஞ்சினாள். "நன்றி அப்பா" என்றாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் போய், மூன்றாம் நாள் பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மழையில் நனைந்த சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, தன் அட்டையைக் காட்டினார். அட்டையைக் கண்டதும் சித்தப்பா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார். ஆமியின் சுற்றிவளைப்பில் நிற்கிற மாதிரி. அந்தப் பெண் பதறிப்போய், வேண்டாம், வேண்டாம், கையை இறக்குங்கள் என்றார். அவர் இறக்கவில்லை. நகமில்லாத அந்த இரண்டு விரல்களும் மேலே தெரிந்தன. வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. நான் இருந்தேன். என்ன நடந்தது என்று பிள்ளையிடம் கேள் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னார். கேட்டேன். "அப்பா கட்டையால காதில அடிச்சுப்போட்டார்" என்று தங்கச்சி தெளிவாகச் சொன்னாள். சித்தப்பா தூக்கியிருந்த அந்தக் கைகளை நான் பார்த்தேன். மழையில் வெளியே இரும்புப் படியில் வழுக்கி விழுந்தாளாம் என்று அழகான பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். தங்கச்சி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வைத்தியரிடமும் ஆசிரியையிடமும் நாங்கள் எல்லோரும் படியில் விழுந்தாள் என்றோம். கொஞ்ச நாளில் அவளும் படி என்றாள். அந்தக் காது திரும்பக் கேட்கவில்லை.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு, கட்சி வேட்பாளர் சபைக்கு வந்தார். கண்டிப்போடு வளர்ந்த பிள்ளை ஒன்று பிரெஞ்சில் சாட்சி சொல்ல வேண்டும் என்றார் பாஸ்டர். சபையில் நல்ல பிரெஞ்சு என்னுடையது. என் பெற்றோர் அன்போடு அடித்து வளர்த்ததால்தான் நான் வகுப்பில் முதலாவதாக வருகிறேன் என்று மேடையில் சொன்னேன். வாழ்க்கையில் யாரிடமும் ஓர் அடிகூட வாங்காத நான் சொன்னேன். வேட்பாளர் எழுந்து நின்று கைதட்டினார். சித்தப்பா கண்ணைத் துடைத்தார். தங்கச்சி முன்வரிசையில் இருந்து, பக்கத்துப் பிள்ளைகள் தட்டுவதைப் பார்த்துத் தானும் தட்டினாள். அந்த வேட்பாளர் தோற்றுப்போனார். எனக்கு மட்டும் நல்ல பெயர் நிலைத்துவிட்டது.

சித்தப்பா இரண்டு வருடங்களுக்கு முன் இறந்தார். கடைசி மாதங்களில் நான்தான் அவருக்குச் சோறு ஊட்டினேன். படியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துப் போவேன், கேட்காமல் திரும்புவேன். தங்கச்சி இப்போது கர்க்லாண்ட் புறநகரில் பெரிய வீட்டில் இருக்கிறாள். அதே கட்சிக்கு வீடுவீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுக்கிறாள். போன மாதம் அழைத்தாள். "ஞாயிற்றுக்கிழமை புது வேட்பாளர் எங்கட வீட்டை வாறார் அக்கா. நீங்க அண்டைக்குச் சபையில கதைச்ச மாதிரி ரெண்டு வார்த்தை கதையுங்கோ."

அந்த ஞாயிறு மத்தியானமே அவள் வீட்டுக்குப் போய்விட்டேன். வாசற்கதவருகே ஆணியில் அந்தக் கட்டை. அவளுக்குச் சித்தப்பா கொடுத்த சீதனம். என்னையறியாமல் அதை எடுத்துக் கன்னத்தில் உரசிப் பார்த்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு சிலாம்பு இல்லை. பின்னால் காலடிச் சத்தம். தங்கச்சியின் மகள், ஐந்து வயது. பெரியம்மா என்று ஓடிவந்து கட்டிப்பிடிக்கிற பிள்ளை. அன்று என் கையில் இருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். அழவில்லை, தன்மேல் என்ன பிழை என்றும் கேட்கவில்லை. கிட்ட வந்து, முதலில் கட்டையைக் கொஞ்சினாள், பிறகு உள்ளங்கைகளை நீட்டினாள். நடுவில் இரண்டு ஊதாத் தடங்கள் இருந்தன.

பின்னேரம் இருபது பேருக்கு முன்னால் எழுந்து நின்று, கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, பிரெஞ்சில் சொன்னேன். என்னை யாரும் அடித்ததில்லை. அடிபட்டது இந்த வீட்டுக்காரி. அவளுடைய இடது காதைக் கேட்காமல் செய்தது இந்தக் கட்டை, அதை மறைத்துப் பொய் சொன்னது நான். இப்போது இவளுடைய மகளின் கைகளைப் பாருங்கள். வேட்பாளர் தன் தொலைபேசியைப் பார்த்தார். அங்கே வந்திருந்த பாஸ்டர் கூரையைப் பார்த்தார். தங்கச்சி கேட்கிற காதை என் பக்கம் திருப்பி, உண்மையான குழப்பத்தோடு கேட்டாள்: "என்ன அக்கா கதைக்கிறியள்? நான் படியிலயெல்லே வழுக்கி விழுந்தனான். நீங்க பக்கத்தில நிண்டனீங்களே."

அவள் பொய் சொல்லவில்லை. அது நான் கொடுத்த படி. அவள் இத்தனை வருடமும் அதிலிருந்துதான் விழுந்துகொண்டிருக்கிறாள்.

கட்டையை என் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். திங்கட்கிழமை காலை இந்த மேசையில் அதை முன்னால் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அழைத்தேன். மறுமுனையில் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கட்டையைத் துடைக்காமல் அப்படியே வைத்திருங்கள் என்றார். கடைசியாக, பிள்ளைக்கு மொழிபெயர்க்க யாராவது தேவையா என்று கேட்டார். தேவையில்லை, அவளுக்குப் பிரெஞ்சு தெரியும், அவளிடமே கேளுங்கள் என்றேன்.